பாசிமுனி வேட்டியை மடித்துக் கட்டிய இடம்

மார்க்கையன்கோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாமா அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் மனைவி பவானி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், தங்கள் தங்கை நாகஜோதி நலம், என் தையல் கடையும் நலம். அங்கே தங்கள் உடல்நலத்தையும், அந்தப் பச்சை உடுப்புக்குள் கொஞ்சமாவது காற்றுப் புகுகிறதா என்பதையும் அறிய ஆவல். எந்த உடுப்பு என்று யோசிக்க வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றபடி சினிமாவில் நடிக்கப் போன புருசனைத் தேடிக்கொண்டு அலைகிற ஆள் நான் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். போனில் கேட்கலாமே என்பீர்கள். தை மாதத்திலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதற்கு முன்னால் எடுத்த நாட்களிலும் 'ஷாட் ரெடி' என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் படத்துப் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் சென்னைக் கம்பெனி விலாசம் இருந்தது, அதற்குத்தான் எழுதுகிறேன்.

மாசியில் சின்னமனூர் தியேட்டரில் 'பாசிமுனி' என்று ஒரு பேய்ப்படம் போட்டார்கள். காட்டுக்குச் சுற்றுலா போன நாலு பேரை, உடம்பெல்லாம் பாசி முளைத்த ஒரு மிருகம் துரத்துகிற கதை. நம் மேகமலையில் எடுத்தது என்றதும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கிளம்பிப் போனது, படம் பார்க்க இல்லை, தங்கள் சொந்தக்காரர்களின் ஏலத்தோட்டம் தெரிகிறதா என்று பார்க்க. எனக்குப் பேய்ப்படம் ஆகாது. நாகஜோதிதான், "வா மதினி, மலையப் பாத்துட்டு வருவோம், பேய் வர்றப்ப கண்ண மூடிக்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். இடைவேளை வரை மிருகம் வரவே இல்லை. புதர் ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. பின்சீட்டுக்காரர், "ஏப்பா, செடி ஆடுறதப் பாக்கவா டிக்கெட் எடுத்தோம்" என்று கேட்டார். அப்புறம் ஒருவழியாக வந்தது. பெண்பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், அது ஓடையைத் தாண்டிப் போய்ப் பிடிக்க வேண்டும். கரையில் வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்தது. லேசாகக் குனிந்து, இல்லாத வேட்டியின் நுனியை இடது கையால் தூக்கி, மடித்துக் கட்டி, இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தது.

தியேட்டர் கொல்லென்று சிரித்தது. நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். வாய்க்காலில் இறங்கும்போது பேண்ட் போட்டிருந்தாலும் நீங்கள் அப்படித்தானே செய்வீர்கள். அக்கரையில் ஏறி, பாறையை வாயால் ஊதிவிட்டு உட்கார்ந்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. "ஏன் மதினி அழுகிற, பயமாருக்கா?" என்றாள் நாகஜோதி. ஆமாம் என்றேன். கூடப்பிறந்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை மாமா, அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெயர்கள் ஓடியபோது எழுந்து நின்று பார்த்தேன். டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது, ஈஸ்வரபாண்டி என்று எங்கேயும் வரவில்லை. (உங்கள் பெயரை எழுதியதற்கு மன்னிக்கவும், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.)

மறுநாளிலிருந்து எல்லாரும் உங்களைப் பற்றியே பேசினார்கள், உங்களைப் பற்றித்தான் என்று தெரியாமலே. செல்போன் கடை விஜய்பாண்டி ஊருக்கு வருகிற படத்துக்கெல்லாம் விமர்சனம் பேசி யூடியூப்பில் போடுகிறவன். "மிருகத்தோட முதுகுல ஜிப்பு தெரியுது, அஞ்சுக்கு ரெண்டு மார்க்கு" என்றான். ஏலக்காய் யாவாரத்துக்கு வந்த குமுளிக்காரர் டீக்கடையில், "இது பேயல்லா கேட்டோ, வயல் வேலைக்குப் போற ஆளாணு" என்று சொல்லிச் சிரித்தாராம். பக்கத்து வீட்டு இருதயம்மாள் டீச்சர் மட்டும்தான், "அந்தப் பொம்பளப் பிள்ளைக மேல கை படவேயில்ல பாத்தியா பவானி, நல்ல குடும்பத்துல பொறந்த பேயி" என்றார்கள். அன்றைக்கே அவர்கள் ஜாக்கெட்டைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன், ஏனென்று அவர்களுக்குப் புரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், 'இத்தன வருசமா ஊர்ப்பக்கம் வராத மனுசன் கடேசில பேயாத்தான் வந்தாரா' என்பார்கள். கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. குடையைத் தியேட்டரில் விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி ஒருநாள் போனேன். அன்றைக்கு நிஜமாகவே குடையை விட்டுவிட்டு வந்து, மறுபடி அதை எடுக்கப் போனேன். மேனேஜர் சுருளிராஜன், "ஏந்தாயி, இந்தப் படத்துக்குத் திரும்ப வந்த ஒரே ஆளு நீதான். எடுத்தவுகளே ரெண்டாந்தரம் பாத்திருக்க மாட்டாக" என்றார். கடைசியில் கதாநாயகன் உங்களுக்குத் தீ வைக்கிறானாம், நாகஜோதி சொன்னாள். முதல் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில் அது எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் அதுவரை உட்காருவதே இல்லை. மழையில் தனியாகப் பாறையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்களே, அதோடு எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

அப்படி ஒருநாள் வெளியே வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். வாசலில் விஜய்பாண்டி போனை வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, முனிக்கு நடிப்புச் சுத்தமா வரல, நீங்க என்ன சொல்றீக?" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினான். பேசாமல் போயிருக்கலாம். "ஏலே, ஒரு நாளைக்கு நீ அந்தச் சாக்குக்குள்ள நின்னு பாரு. மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது, மழையில அட்டக்கடி வாங்கிக்கிட்டு நடிச்சிருக்காரு. அவரு எங்க வீட்டுக்காரரு. அவருக்கு மார்க்குப் போட நீ யாருலே?" என்று கேட்டுவிட்டேன். அவன் போனை அணைக்க மறந்துபோய் நின்றான். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ கம்பத்துக்கும் தேனிக்கும் கடமலைக்குண்டுக்கும் போய்விட்டது. உங்கள் பெரியம்மா மகன் செல்லப்பாண்டி போன் செய்து, "வாழ்த்துச் சொல்லவா, துக்கம் கேக்கவா?" என்றார்.

அடுத்த நாள் தியேட்டர் நிறைந்துவிட்டது. சுருளிராஜன் வந்து நம் கல்யாண போட்டோவைக் கேட்டு வாங்கிப்போய், பெரிதாக்கிப் போஸ்டரில் ஒட்டிவிட்டார். மாலையோடு நீங்கள் சிரிக்கிறீர்கள், பக்கத்தில் பாசியோடு நீங்களே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். இப்போதெல்லாம் ஓடைக்கரைக்கு நீங்கள் வந்தாலே விசில் பறக்கிறது. தீ வைக்கிற இடத்தில் பொம்பளைகள், "காட்டுக்குள்ள போகச் சொன்னது யாரு, அவரு பாட்டுக்கு இருந்தாரு" என்று கதாநாயகனை ஏசுகிறார்களாம். குமுளிக்காரர் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். விஜய்பாண்டி நாலு மார்க்காக ஏற்றிவிட்டான். ஜிப்புக்காக ஒன்று குறைத்திருக்கிறான். தையல்காரியாக நான் அதில் குறை சொல்ல முடியாது.

எனக்குக் கோபமில்லை மாமா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐப்பசி பூராவும் மேகமலையில் ஷூட்டிங் நடந்ததாம். நான் தினமும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அந்த மலையைத்தான் பார்த்தேன், மேகம் இறங்கிவிட்டதே, துணி காயாதே என்று அலுத்துக்கொண்டேன். அந்த மேகத்துக்குள்தான் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். காலையில் பஸ் ஏறியிருந்தால் மத்தியானச் சோற்றுக்கு இங்கன வந்திருக்கலாம். 'தெரயில எம் மூஞ்சிய ஊரு பாக்கட்டும், அப்பறம் வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூஞ்சி தெரியாததால்தான் வரவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஊருக்கு வேணும்னா மூஞ்சி வேணும். நான் என்னைக்காச்சும் கேட்டேனா? நீங்க உக்காருற நாற்காலி அங்கனயேதான் கெடக்கு. நான் அதத் தொடைக்கிறதில்ல. தொடச்சிட்டா, நீங்க வந்து ஊதுறதுக்கு ஒண்ணும் இருக்காதேன்னு விட்டுட்டேன்.

என்னவோ எழுதிக்கொண்டு போகிறேன், பொருட்படுத்த வேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வசதிப்பட்டால் வாருங்கள், இல்லையென்றால் அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுமை உண்டு. கல்யாண சீசன், கடையில் தைக்கத் துணி மலைபோல் கிடக்கிறது. போட்டது போட்டபடி போட்டுவிட்டு வருவதற்கு எனக்கு நேரமுமில்லை.

கௌமாரியம்மன் தங்களை அட்டையிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பாளாக. நாகஜோதி அண்ணனுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். டீச்சர் தங்கள் பெயரை ஜெபத்தில் சேர்த்திருக்கிறார்களாம், தொழில் என்ன என்பதைச் சொல்லாமல்.

உடுப்பைக் கழற்றியதும் தலையை நன்றாகத் துவட்டிக்கொள்ளவும் என்று கேட்டுக்கொள்ளும்,
பவானி.

பின்குறிப்பு: இந்தக் கடைசி வரிகளில் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். மேகமலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரோடு அப்படி. தபாலாபீசுக்குப் போகிற வழியில் சுருளிராஜனைப் பார்த்தேன். "ஒம் பேட்டியப் பாத்துட்டுத்தான் ரெண்டாம் பாகம் எடுக்கத் துணிஞ்சாகளாம் தாயி. நேத்தே எல்லாரும் மேல வந்துட்டாகளே, தெரியாதா?" என்றார். கடையை நாகஜோதி பார்த்துக்கொள்கிறாள். கடிதத்தை நானே கையில் தருகிறேன். நான் வந்து நிற்கும்போது, உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட வேண்டாம். இருக்கிறபடியே நில்லுங்கள்.