பதினாறு அங்குல வாசல்

கட்டிலைச் செய்து முடித்துவிட்டு அறை வாசலை அளக்கிறவனை ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதே காரியத்தை இரும்பில், அறுபத்து நான்கு துண்டுகளாகச் செய்து, லாரி பிடித்து அனுப்பிவைத்தவனுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. என் விசிட்டிங் கார்டில் ‘டிசைன் என்ஜினியர்’ என்று போட்டிருந்தார்கள்.

நான் டவர் தட்டு வடிவமைக்கிறவன். (சாப்பிடுகிற தட்டு இல்லை. பிற்பாடு பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, சில்வர் பாத்திரக் கடையா என்று கேட்டார்கள்.) சர்க்கரை ஆலையில் கழிவுப் பாகிலிருந்து ஸ்பிரிட்டைப் பிரித்தெடுக்க ஐந்து மாடி உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் நிற்கும். அதுதான் டவர். கீழேயிருந்து ஆவி ஏறும், மேலேயிருந்து திரவம் இறங்கும். இரண்டும் பேசாமல் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டால் எதுவும் பிரியாது. நடுவில் சற்று நின்று கலக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் குழாய்க்குள் இட்லிப் பானை மாதிரி அடுக்கடுக்காக ஓட்டை போட்ட தட்டுகளை மாட்டுவார்கள். ஓட்டை ஜாஸ்தியானால் திரவம் ஒழுகிவிடும். கம்மியானால் ஆவி முட்டிக்கொண்டு திரவத்தையே மேலே தள்ளிவிடும். எத்தனை ஓட்டை, எந்த அளவில் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறை என்னை நம்பித் தனியாக ஒரு டவரை ஒப்படைத்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் பழைய தட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிய தட்டுகள் போடும் வேலை. என் சொந்த ஊரான வடக்கனந்தலிலிருந்து அரை மணி நேரத் தூரம். அளவெடுக்க ஒரு தடவை போனால் போதும். நான் ஐந்து தடவை போனேன். ஆறாவதுக்கும் காரணம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தின் பெயர் மலர்விழி. ஆலையின் லேபில் கெமிஸ்ட். மலைமேல் இருக்கிற கரியாலூர்ப் பெண். வாரம் முழுக்கக் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டல், சனிக்கிழமை மாலை ஐந்து மணி பஸ்ஸில் மலைக்குப் போய்விடும். எனக்கு அதற்கப்புறம் சென்னை பஸ். ஐந்து மணிக்கு முந்தின அரை மணி நேரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டு கிளாஸை வைத்துக்கொண்டு, ஆறிப்போகும் வரை ஸ்பிரிட்டின் தரத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று எந்த ஊர் டீக்கடையில் நின்றாலும் அந்த அரை மணி நேரத்துக்காக மனசு ஏங்குகிறது. ஸ்பிரிட்டின் தரத்தைப் பற்றி அவ்வளவு அழகாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மலர்விழியே பேச்சை எடுத்தது.

“ஆடியில எங்க ஊர்ல மாரியம்மன் திருவிழா. அப்பா எங்கியும் போவாம வூட்லதான் இருப்பாரு. நீங்க வந்தா பேசலாம்.”

“வரலன்னா?”

“வரலன்னா பேசறதுக்கு இன்னா இருக்குது?”

பஸ் கிளம்பிவிட்டது. நான் சென்னை வரை உட்காராமல் நின்றுகொண்டே போயிருப்பேன், கண்டக்டர்தான் அதட்டி உட்கார வைத்தார்.

அடுத்த சனிக்கிழமைதான் கடைசி அளவெடுப்பு. டவரின் உள்விட்டம், தட்டு உட்காரும் வளையங்களின் இடைவெளி எல்லாம் அளந்து எழுதிவிட்டேன். மிச்சம் இருந்தது மேன்ஹோல். டவருக்குள் ஆளும் சாமானும் போக இருக்கிற வட்ட வாசல். தட்டை முழுசாக உள்ளே கொண்டுபோக முடியாது. துண்டு துண்டாக வாசல் வழியே நுழைத்து, உள்ளே வைத்துப் போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். அதனால் வாசலை அளந்த பிறகுதான் துண்டின் அகலத்தையே முடிவு செய்ய வேண்டும். இது கல்லூரியில் சொல்லித் தராத, ஆனால் எந்த ஃபிட்டருக்கும் தெரிந்த விஷயம்.

டவரைச் சுற்றியுள்ள மேடை ஒவ்வொன்றிலும் ஒரு வாசல்; தட்டுகளை நுழைக்க வேண்டியது மூன்றாவது மேடையில் இருந்தது. மணி நாலேகால். மலை பஸ் ஐந்துக்கு.

“சார், வாசல அளக்கலியா?” என்று கேட்டார் செல்லமுத்து. டவருக்குள் இறங்கி வேலை செய்ய ஒவ்வொரு வருடமும் கரியாலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவருகிற மேஸ்திரி. மலர்விழிக்குத் தாய்மாமன். (இந்த இரண்டாவது தகவல் அப்போது எனக்குத் தெரியாது.)

“அதெல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தாங்க, இருபது அங்குலம்” என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நாங்கள் பேசியது பதினெட்டு நிமிடம்.

லாரி வந்தது ஆடி பிறந்த வாரத்தில். பதினேழரை அங்குல அகலத்தில் அறுபத்து நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. பழைய தட்டுகளையெல்லாம் கழற்றி, டவரை வெறும் குழாயாக்கி, எல்லா வாசல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். செல்லமுத்துவின் ஆட்கள் முதல் துண்டை மூன்றாவது மேடைக்கு ஏற்றி வாசலில் வைத்தார்கள். அது உள்ளே போகவில்லை. திருப்பி வைத்தார்கள். அப்போதும் போகவில்லை. செல்லமுத்து இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து வாசலில் நீட்டிப் பிடித்தார். பதினாறு அங்குலம்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இருபத்தைந்து வயது, என் எதிரில் மலர்விழி நின்றுகொண்டிருந்தது. டவருக்குள் யார் இறங்குவதானாலும் முதலில் லேபிலிருந்து ஆள் வந்து உள்ளே காற்றுச் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தது.

“கொஞ்சம் சாய்ச்சுக் கொடுத்தா போயிடும். நான் உள்ள போய் வாங்கறேன்” என்றேன்.

“நீங்களா சார்?” என்றார் செல்லமுத்து. என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தார். அம்பத்தூர் மெஸ்ஸும் வடக்கனந்தல் வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து கட்டிய உடம்பு. போதாதற்கு அன்று மதியம் ஆலை கேன்டீனில் முட்டை பிரியாணி.

“நானே போறேன், இது போகாதா?”

(பதினேழரை அங்குலத் தகடும் நானும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கு என் வாழ்க்கை வேறு.)

“மல்லாக்கப் போங்க சார். மேல கம்பி இருக்குது, புடிச்சு இழுத்துக்கோங்க” என்றார் செல்லமுத்து. கை போனது. தலை போனது. நெஞ்சு கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. வயிறு போகவில்லை. பின்னால் வரலாம் என்று பார்த்தால், சட்டை சுருண்டு முதுகுக்கு அடியில் ஆப்பு மாதிரி இறங்கிவிட்டது. இடுப்புக்கு மேலே டவருக்குள், கீழே ஊருக்கு.

வெளியே என் காலைப் பற்றி விவாதம் நடந்தது. ஒருவர் கிரீஸ் என்றார், இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். யாரோ, நெருப்பால் இரும்பை அறுக்கிற கேஸ் கட்டிங் என்ற வார்த்தையைச் சொன்னார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே கழுவாத மொலாசஸ் பாகு வாடை. அண்ணாந்து பார்த்தால் குழாய் நீளத்துக்கும் இருட்டு, அங்கங்கே வாசல் வழியாக விழுகிற வட்ட வெளிச்சம். அதில் என் தலைக்கு மேலே இருந்த வட்டத்தில் ஒரு முகம் தெரிந்தது. மலர்விழி மேல் மேடைக்கு ஏறிப்போய், அங்கிருந்த வாசலில் தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மூச்சு வாங்குதா?” என்று மெதுவாகக் கேட்டது.

“இல்ல.”

“பயமா இருக்குதா?”

சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டது. அந்த இருட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனிக்கிழமைகளும் தொண்டை வரை வந்து திரும்பிப் போனதை, ஒரு இரும்பு வாசலில் தொங்கிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“மலரு, திருவிழாவுக்குக் கட்டாயம் வரேன். உங்க அப்பாகிட்ட நானே கேக்கறேன். நீ இல்லாம என்னால முடியாது.”

முகம் வட்டத்திலிருந்து சட்டென்று மறைந்தது. தட்டு எதுவும் இல்லாத ஐந்து மாடி இரும்புக் குழாய், எல்லா வாசலும் திறந்திருக்கும்போது, ஒலிபெருக்கியைவிட மேல் என்பது எந்தக் கணக்கிலும் எனக்கு வந்ததில்லை. என் காலைப் பிடித்திருந்தவர்கள் விவாதத்தை நிறுத்தியிருந்தார்கள். கீழே பம்ப் ஹவுஸிலும் பேச்சைக் காணோம்.

பிறகு செல்லமுத்துவின் குரல் கேட்டது. “சரி சார். மொதல்ல வெளிய வாங்க, அப்புறம் திருவிழாவுக்குப் போலாம். மூச்ச உள்ள இழுக்காதீங்க. வெளிய வுடுங்க.”

விட்டேன். இழுத்தார்கள். கிரீஸும் விளக்கெண்ணெயுமாக, சட்டை தலையில் சுற்றிக்கொள்ள, கண் தெரியாமல் வெளியே வந்து விழுந்தேன். கீழேயிருந்து கைதட்டினார்கள்.

அறுபத்து நான்கு துண்டுகளையும் நடுவில் வெட்டி, மறுபடி ஓட்டை போட்டு, போல்ட் வைத்துச் சேர்க்க மூன்று வாரம் ஆயிற்று. லாரியோடு வந்திருந்த எங்கள் பட்டறை மேனேஜர் என்னை மூன்றே வார்த்தை திட்டினார், மூன்றும் நியாயமானவை. ஆனால் திருவிழா அன்று ஒரு நாள் லீவு மட்டும் அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். (அவரும் அந்த நேரம் இரண்டாவது மேடையில் நின்றிருக்கிறார்.)

புதுச் சட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், பூ. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் பஸ் நின்றது. படியில் ஏறி ஒரு காலை உள்ளே வைத்தேன். பின் சீட்டில் செல்லமுத்துவின் ஆட்கள் இரண்டு பேர்.

“டேய், சார் வராரு. படி அகலம் பத்துமா பாரு” என்றான் ஒருவன்.

பஸ் சிரித்தது. கேலிதான். மாப்பிள்ளை முறையில் நினைத்துச் செய்த கேலி, வேறொன்றும் இல்லை என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு மலை முழுக்க, கோயில் முழுக்க, மலர்விழியின் அப்பா வரைக்கும் எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றியது. காலை எடுத்துக்கொண்டேன். ஏதோ மறந்துவிட்டவன் போலப் பையைத் துழாவிக்கொண்டே டீக்கடைக்குப் போனேன். பஸ் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் எப்போது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம்.

திங்கட்கிழமை லேபில் மலர்விழி நிமிர்ந்து பார்த்தது. யாரும் இல்லாதபோதும் “இன்னா வேணும் சார்?” என்றது. டவர் நன்றாக ஓடியது. இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு நான் எவ்வளவோ தட்டுகள் போட்டிருக்கிறேன், வடோதரா வரை போய்க் குடியேறிவிட்டேன். மலர்விழிக்குச் சேலம் பக்கம் டீச்சர் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வாசலில் மாட்டிக்கொண்ட கதையை என் மனைவி சுதாவிடம் கல்யாணமான புதிதில் சொன்னேன். மேல் வட்டத்து முகத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அது வீட்டுக் கதையாகிவிட்டது. துணிக்கடையில் டிரையல் ரூம் வந்தால் என் மகள் “அப்பா, மல்லாக்கப் போங்க” என்கிறாள்.

போன கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அருவி பார்க்க வேண்டும் என்று இருவரும் அடம்பிடித்தார்கள். பன்னிரண்டு வருடம் பிந்தி, முதல் தடவையாகக் கரியாலூர் போனேன். சாலையோரம் பலாப்பழமும் தேனும் விற்கிற கடையில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அதற்குக் கீழே பார்த்தார்.

“பதினாறு அங்குலம் சாரா?” என்றார் செல்லமுத்து.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. கதையில் வருகிற ஆள் நிஜமாகவே இருக்கிறாரே. வாசலில் மாட்டிக்கொண்ட கதையை அவர் வாயால் கேட்டு இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். அவர் சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சுதாவிடம், “அந்த வருசம் திருவிழாவுக்கு வரேன்னு சார் டவருக்குள்ள இருந்தே சொன்னாரும்மா. நாங்க நம்பி, எங்க மச்சான் வூட்ல ஒரு கெடாயப் புடிச்சுக் கட்டி வச்சிருந்தோம்” என்றார்.

“இவர் வரலையா?” என்றாள் சுதா.

“வரல. வேலை ஜாஸ்தி இருந்திருக்கும்.”

நான் பலாச்சுளையைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கெடா என்னாச்சுங்க?” என்று கேட்டேன்.

“அத வெட்டக் கூடாதுன்னு மலரு சொல்லிடுச்சு சார். கல்யாணம் ஆயி சேலம் போற வரைக்கும் அதுதான் தழை ஒடிச்சுப் போட்டுக்கினு இருந்துச்சு. மூணு வருசம்.”

“யாரு மலரு?” என்றாள் சுதா.

“எங்க அக்கா பொண்ணும்மா” என்றார் அவர், அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டே.

சுதா என்னைப் பார்த்தாள். மகள்தான், “அப்பா போகாததால ஒரு ஆடு பொழைச்சுது” என்று கைதட்டினாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் புதிதாக ஒரு வழக்கம். யாராவது அழைப்பிதழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும், “போகாதீங்கப்பா, ஒரு ஆடு பொழைக்கட்டும்” என்று மகள் தொடங்குவாள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் எவ்வளவு தூரத்துச் சொந்தமானாலும் இப்போதெல்லாம் விசேஷத்துக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுகிறேன். டிக்கெட்டைச் சுதாதான் எடுத்துத் தருகிறாள்.