கேட்டுக்கு வெளியே நின்ற மாப்பிள்ளை

எதையும் பிரித்துப் பார்க்காமல் நிம்மதியாக இருக்க முடியாதவர்களால்தான் உலகம் முன்னேறியது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். படித்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர்களுடைய தங்கைமாரிடம் யாராவது போய் விசாரித்தார்களா?

நானும் அந்த ரகம்தான். மாத்தளை டவுனில் அப்பாவுக்கு மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தக் கடையின் மின்தராசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். பார்த்தேன். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தராசு எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்வாகவே நிறுத்தது. நேர்மையான மனிதரான அப்பா உடனே அதை மாற்றிவிட்டார். (உடனே என்பது அப்பாவின் கணக்கு. அம்மாவைக் கேட்டால் மிளகு சீசன் முடிந்த பிறகு என்பார்.)

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். நான் கணினி படித்துக் கண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். குணம் மாறவில்லை, அதற்குச் சம்பளம் கிடைக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

என் தங்கை நிரோஷினிக்கு முதலில் வந்த சம்பந்தம் தட்டிப்போனது என்னால்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தார். இத்துணூண்டு பொருள் எப்படி இவ்வளவு பேச்சையும் பிடிக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மரியாதையாகக் கேட்டுத்தான் வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்தபோது அது செத்துப்போயிருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "நல்ல குடும்பந்தான், ஆனா ஒருத்தரும் வாயத் தொறந்து பேசலயே" என்று அவர் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த சம்பந்தம் தம்புள்ளைப் பக்கமிருந்து வந்தது. மாப்பிள்ளை பெயர் சுதாகர். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உள்ளே அழைப்பதுதான் அவருடைய தொழில் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஒண்ணுலயும் கை வைக்காதீங்க. இவர எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள் நிரோஷினி. சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்தில் இருவரும் சந்தித்துப் பேசியிருந்தார்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. அவள் குரலில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உடம்பிலோ உடைமையிலோ கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். சத்தியத்தில் எங்கள் வீட்டுக் கேட்டைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

அந்தக் கேட் மோட்டரில் ஓடுவது. மோட்டரைப் பொருத்தியது நான். கேட், தண்ணீர் டாங்கியின் மோட்டர், சாமான் அறையாக இருந்து என் கணினி அறையாக மாறிய அறையின் கதவு, மூன்றையும் போனிலிருந்து இயக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பாஸ்வேர்ட். பைப்பில் தண்ணீர் நின்றதும் அம்மா அவசரமாக மோட்டரைப் போடப் பார்ப்பார், கேட் திறக்கும். "சுவிட்சு இருந்த காலத்துல நான் ராணி மாதிரி இருந்தேன்டா தினேஷ்" என்று அவர் புலம்பாத நாளில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிறு காலையில்தான் அந்தப் புலம்பலுக்கு முடிவுகட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு லொகின். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் மூன்று பக்கமும் திறக்க வேண்டும். அதற்கான மென்பொருளைக் கணினியில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். எந்தப் பக்கத்துக்குப் போகும் பாதை யாருக்குத் திறக்கும் என்று அதற்கு எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. ஒரு போன் 'கேட்டைத் திற' என்று கேட்டால், அந்தக் கேள்வியை வழியில் நிறுத்தி, நீ யார், எங்கே போகிறாய் என்று விசாரித்து, நாம் எழுதிய விதிகளை வாசித்துப் பார்த்து உள்ளே விடுகிற வாசல்காரன் அது. அவன் அந்த விதிகளை எப்படித்தான் வாசிக்கிறான் என்று பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது.

இந்த இடத்தில் எங்கள் அம்மா கட்டளையிடும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். "வடையில யாரும் கை வைக்கக் கூடாது. அப்பாவுக்கு மட்டும் ரெண்டு குடு" என்பார். முதல் வாக்கியம் சும்மா மிரட்டல். சட்டம் இரண்டாவதில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் யாரும் அம்மாவின் முதல் வாக்கியத்தோடு எழுந்து போனதில்லை. நானும் அதே பழக்கத்தில் எழுதினேன். எந்தப் பாதையாக இருந்தாலும் லொகின் செய்தவர்களுக்கு மட்டுந்தான் அனுமதி என்று முதல் வரி. லொகின் பக்கத்துக்கு மட்டும் யாரும் வரலாம் என்று அடுத்த வரி. விருந்தாளிகளின் இணைப்பு வந்தால் யாராக இருந்தாலும் கேட்டைத் திற என்று கடைசி வரி.

விருந்தாளிகளின் இணைப்பு என்பது என்னுடைய படைப்பு. தொட்டால் கேட் திறக்கும், மறுபடி தொட்டால் மூடும். சுதாகர் பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறவர் அல்லவா, நாமும் சும்மா இல்லை என்று காட்ட வேண்டாமா? அவருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே அதை அனுப்பிவைத்தேன்.

என் போனில் சோதித்தேன். கேட் திறந்தது, மூடியது, டாங்கிக்குத் தண்ணீர் ஏறியது. (நான் ஏற்கெனவே லொகின் செய்திருந்தேன் என்பது அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.) நான் உட்பட எல்லாரும் புதிதாக லொகின் செய்து ஆரம்பிக்கட்டும் என்று அந்த வாசல்காரனை ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்பிவிட்டு, அப்பாவிடம் பீற்றிக்கொள்ள வெளியே வந்தேன். அறைக் கதவு எனக்குப் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. பிறகு வாழைப்பழம் வாங்கவும் நாற்காலி தூக்கவும் என்னை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். போனைத் தொட நேரமில்லை.

நாலு மணிக்கு வேன் வந்து நின்றது. சுதாகர், அவருடைய அம்மா, தாய்மாமா மூவரும் இறங்கினார்கள். அன்று ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். நான் முன்கதவில் கை கட்டி நின்று, "அந்த இணைப்பைத் தொடுங்க" என்று அரசியல்வாதி போலச் சிரித்தேன். சுதாகர் தொட்டார். கேட் அசையவில்லை. மறுபடி தொட்டார்.

"மச்சான், இது லொகின் பக்கத்துக்குப் போகுது. போயி மறுபடி லொகின் பக்கத்துக்கே போகுது. சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேடிக்கை பார்க்கிற ஆளின் முகம் அது. வேறு நாளாக இருந்தால் எனக்கு அவரை அப்போதே பிடித்திருக்கும்.

என் போனிலும் அதே சுற்று. கேட்டைக் கையால் திறக்கும் சாவி கணினி அறை மேசைக்குள். அந்த அறைக் கதவும் அதே லொகினில். ஜன்னலில் இரும்புக் கம்பி. மதில் ஏறலாம் என்றால் மிளகுக் கள்ளருக்குப் பயந்து அப்பா மேலே கண்ணாடித் துண்டு பதித்து வைத்திருந்தார். அப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். காற்றாடி நின்றது. மற்ற எல்லாம் பூட்டியபடியே இருந்தது, மறுபடி போட்டார். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா, "பைப்புல சொட்டுத் தண்ணி இல்ல, தேத்தண்ணிக்கு என்னாடா பண்றது?" என்று கத்தினார்.

நிரோஷினி அறை வாசலில் பட்டுச்சேலையோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது.

"யாரும் கேட்டுக்கிட்ட போகக் கூடாது, மானம் போகுது" என்றார் அம்மா. அதே மூச்சில், "இவரு மட்டும் போயி அவங்களோட ஏதாச்சும் பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்று அப்பாவைக் காட்டினார். அப்பா புறப்பட்டுப் போய்க் கேட் கம்பி வழியாக மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் போகக் கூடாது என்றாரே, அப்பா எப்படிப் போனார்? இரண்டாவது வாக்கியத்துக்கும் காத்திருந்ததால் போனார். அப்படியென்றால் காத்திருக்காத ஒருத்தன் என்ன செய்வான்?

தலையில் அடித்துக்கொண்டேன். வாசல்காரன் எங்கள் வீட்டில் பிறந்தவன் இல்லை. மேலிருந்து வாசிப்பான், பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திவிடுவான். எந்தப் பாதையானாலும் லொகின் வேண்டும். லொகின் பக்கமும் ஒரு பாதைதானே? அதற்கும் லொகின் வேண்டும். கீழே நான் எழுதிய விதிவிலக்குகளை அவன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவமானத்துக்கு நடுவிலும் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கங்கெட்ட குணம்.

"அப்பா, அறைக் கதவ ஒடைச்சாத்தான் ஆகும்" என்றேன். அது பலாப் பலகைக் கதவு, அப்பாவுக்கு அதன்மேல் உயிர். கேட்டிலிருந்து திரும்பி வந்தவர் ஒருமுறை நிரோஷினியைப் பார்த்தார். "புள்ள காரியம். கதவு போனாப் போகட்டும்" என்று பின்பக்கம் போய் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து கதவை நெம்பினார். பலகை பிளந்தது. நான் பாய்ந்து உட்கார்ந்து முதல் வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன்.

கேட் திறந்தது. வெளியே ஓடினேன், அது மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, பாதியில் நின்றது, பின்னால் போனது. வாட்ஸ்அப் குழுவில் இருந்த மூவரும் ஆளுக்கொரு போனில் தொட்டுக்கொண்டே இருந்தார்கள்!

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். கிடைத்த இடைவெளியில் மாப்பிள்ளையின் அம்மா வலது காலை வைத்து உள்ளே வந்துவிட்டார். மாமா பக்கவாட்டில் நுழைந்தார். கேட் மூடியது. உள்ளே சுவர்க் கடிகாரம் நாலரை அடித்தது. சுதாகர் வெளியே.

"சுதா, அப்புடியே நில்லு! ராகு காலம் வந்திருச்சு. இனி உள்ள கால் வைக்காத" என்றார் அவருடைய அம்மா.

"ஆறு மணி வரைக்குமாம்மா?"

"ஆறு மணி வரைக்கும்தான்."

"இப்ப நல்லாத் தொறக்கும் அம்மா, சரியாக்கிட்டேன்" என்று நான் போனை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு குமாரி அக்கா தன் வாசலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, "வாடிவென்ன மல்லி", உட்காருங்கள் தம்பி என்று சிங்களத்தில் சொல்லிச் சுதாகருக்குப் போட்டுவிட்டுப் போனார். பைப்பில் தண்ணீர் வந்தது. தேத்தண்ணி தயாரானது. வெளியே நிற்கிறவருக்கு யார் கொண்டுபோவது என்று அம்மா யோசிப்பதற்குள் நிரோஷினி கிளாஸை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். கிளாஸ் கம்பிக்குள் போனது, தட்டு போகவில்லை. வடையை ஒவ்வொன்றாக நீட்டினாள்.

பெண் பார்க்கும் அன்று மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாக நாலு வார்த்தை பேசினாலே எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். இவர்களுக்கு ஒரு ராகு காலம் முழுவதும் கிடைத்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. கேட் மோட்டருக்குக் கிரீஸ் போடுகிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, உள்ள போங்க" என்றாள் நிரோஷினி.

கொஞ்ச நேரத்தில் அவள் சத்தமாகச் சிரித்தாள். பெரியவர்கள் முன்னால் அடக்கமாக இரு என்று அம்மா காலையிலிருந்து சொல்லிவைத்திருந்த சிரிப்பு அது. அம்மா பதறிப்போய்ச் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெயில்ல உக்கார வச்சும் அவன் மொகத்துல சிரிப்புக் கொறயல. இனி நான் சொல்ல என்னா இருக்கு?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறு மணிக்குச் சுதாகர் உள்ளே வந்தபோது எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் எல்லாம் பேசி முடிந்திருந்தது.

இப்போது கேட்டுக்குச் சாதாரணக் கொண்டிதான். அம்மாவுக்குச் சுவிட்சு திரும்பக் கிடைத்துவிட்டது. என் அறைக்குக் கதவு இல்லை, சீலைதான் தொங்குகிறது. அப்பா வேறு கதவு போட மறுத்துவிட்டார். சுதாகர் மச்சான் எப்போது வந்தாலும் கேட் விரியத் திறந்து கிடக்கும், ஆனாலும் வெளியே நின்று, "மச்சான், லொகின் வேணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். குமாரி அக்கா நாற்காலியோடு வெளியே வருவார்.

எல்லாரையும் விட நன்றாகப் பாடம் படித்தது அம்மாதான். போன தீபாவளிக்கு வடைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, வரிசை பிசகாமல் கட்டளையிட்டார். "மருமகனுக்கு எடுத்து வைங்க. நிரோஷாவுக்கும் அப்பாவுக்கும் வைங்க. குமாரி வீட்டுக்கு ஒரு தட்டு. இதெல்லாம் போன பொறகு, வேற எவனும் இதுல கை வைக்கக் கூடாது."

அந்த வேற எவன் நான்தான்.