கம்ப்யூட்டரைத் தொட்டது யார்?

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

காலையில் அவரே அணைத்துவிட்டுப் போனது. மனைவி வேலை முடிந்து வர ஏழு மணியாகும். பகலில் வீட்டில் இருப்பது மனைவியின் தம்பி மட்டும்தான். ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். தன் வீட்டில் பெயின்ட் அடித்து முடியும்வரை இங்கே தங்கியிருந்தான்.

“பகல்ல நல்லாத் தூங்குறியா தம்பி?”

“தூங்குறேன் மாமா,” என்று கொட்டாவி விட்டான்.

நன்றாகத் தூங்குகிறவனுக்கு எதற்குக் கொட்டாவி? சந்தேகம் அங்கே விழுந்தது.

கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. அதில் அவர் ஆடுவது கார்ப் பந்தயம். இணையத்தில் சனிக்கிழமை மாலை இறுதிச் சுற்று. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் தேர்வாகியிருந்தார். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. திருப்பத்தில் கார் ஒரு கணம் உறையும். மறுகணம் சுவருக்குள் இருக்கும். புதிது வாங்கலாமே என்றாள் மனைவி. இந்தப் பழசிலிருந்தே முழு வேகத்தையும் கறந்து காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் திங்கட்கிழமை, கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைத் திறந்து, எல்லா விசிறிகளையும் உள்நோக்கித் திருப்பி மாட்டியிருந்தார். காற்று உள்ளே போனால்தானே குளிரும்? அன்று மாலை கார் மாட்டுவண்டியானது. ஆனால் இதோ, செவ்வாய் மாலை பறந்தது.

“மருந்து வேலை செய்ய ஒரு நாள் பிடிக்கும்ல,” என்று மனைவியிடம் பெருமையாக விளக்கினார்.

அந்த உற்சாகத்தில், சூடு தணிக்கும் பசையை அரை டியூப் பிதுக்கி உள்ளே அப்பினார். மறுபடி மாட்டுவண்டி. புதன் மாலை மறுபடி குதிரை. பெட்டி மட்டும் மறுபடி சுட்டது. நாம் பாடுபட்டு வேகம் கூட்ட, பகலில் எவனோ அனுபவிக்கிறான் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

தலையில் மிச்சமிருந்த முடியில் ஒன்றைத் தியாகம் செய்து, பெட்டியின் மூடி இடுக்கின் குறுக்கே ஒட்டினார். வியாழன் மாலை அது அறுந்து கிடந்தது. ஆக, ஆடுவது மட்டுமல்ல, திறக்கிறான். எதையோ கழற்றுகிறான். மச்சினன் குளிக்கப் போன நேரத்தில் அவன் பையை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு ஸ்க்ரூ டிரைவர். நர்ஸுக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர்?

அன்றே கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் போட்டார். பெட்டியைச் சுற்றிச் சைக்கிள் சங்கிலியைப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் விசிறிகளை மீண்டும் தன் விருப்பப்படி திருப்பி, மிச்சப் பசையையும் அப்பி, கிராபிக்ஸ் கார்டின் வேகத்தையும் ஏற்றிவைத்தார்.

வெள்ளி மாலை பெட்டி ஜில்லென்று இருந்தது. திருடன் அடங்கிவிட்டான். ஆனால் கார் நகரவில்லை. மருந்து போதவில்லை என்று வேகத்தைக் கடைசிக் கோடுவரை ஏற்றினார். சனிக்கிழமை, பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், ஏதோ கருகும் வாசனை வந்தது. திரை இருண்டது.

தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, கூடத்தில் நிறுத்தி, கேட்க வேண்டியதையும் கூடாததையும் கேட்டார். மனைவி தடுத்தும் நிறுத்தவில்லை.

“நான் ஒரு நாள்கூட அதுல ஆடல மாமா,” என்றான் அவன். பையை எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான்.

கம்ப்யூட்டரைச் சங்கிலியோடு தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடினார். கடைக்காரப் பெண் பூட்டைத் திறக்கச் சொல்லி, மூடியைக் கழற்றி, விசிறிகளைப் பார்த்தாள். பசையைப் பார்த்தாள். அவளுக்கு வியப்பே வரவில்லை. மச்சினன் என்னென்ன கழற்றியிருக்கிறான் என்று எழுதிக் கொடுக்கும்படி இவர் கேட்டார்.

அவள் சொன்னாள்: “நீங்க சாயந்திரம் கெடுத்து வைக்குறதையெல்லாம் தூக்கத்தை விட்டுட்டு மறுநாள் பகல்ல என்கிட்ட வீடியோ கால்ல கேட்டுக் கேட்டுச் சரி பண்ணிட்டு, ‘மாமாகிட்ட சொல்லிடாதீங்க, அவரே சரி பண்ணினதா நினைச்சுச் சந்தோஷமா இருக்கார்’னு சொல்வாரே அந்த நர்ஸ் தம்பி, அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார், ரெண்டு நாளா போனே வரல?”