அந்தா அண்ணாச்சி

தில்லி நகரத்து டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தன்னந்தனியாகக் கண் பரிசோதனை செய்தவர் ஒருவர் இருந்தார் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க். பஞ்ச்குயான் ரோடு சிவப்பு விளக்குதான் அவருடைய கிளினிக். ஆபீஸ் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் 'அந்தா அண்ணாச்சி'. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் நான் கும்பகோணத்திலிருந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கரோல் பாக்கில் ஒரு வீட்டின் மொட்டை மாடி அறையில் அவரோடு ஒண்டிக்கொண்டேன். அந்த மாதிரி அறைக்கு அங்கே 'பர்சாத்தி' என்று பெயர். மழைக்கு ஒதுங்குகிற இடமாம். மழை எங்களுக்கு முன்னால் வந்து ஒதுங்கியிருக்கும். எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது. அண்ணாச்சியிடம் சைக்கிள் இருந்தது. ஆகவே தினமும் காலையில் அவர் மிதிப்பார், நான் கேரியரில் உட்கார்ந்துகொள்வேன், மடியில் இரண்டு டிபன் பாக்ஸோடு. இந்த ஏற்பாட்டில் என் உயிரும் சேர்த்தி என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் பெயர் வந்த கதை. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். நாம் 'அதோ' என்பதை அவர்கள் 'அந்தா' என்பார்கள். 'அந்தா போறாம் பாரு' என்றால் அந்தத் திசையில் பார்க்க வேண்டும். அவர் தில்லிக்கு வந்த முதல் வாரம், ரோட்டின் இடது ஓரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவரை ஒரு டெம்போ குறுக்கே வெட்டி, முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. தப்புச் செய்தவன்தான் முதலில் கத்த வேண்டும் என்பது தில்லி ரோட்டின் எழுதாத சட்டம். டெம்போக்காரன் தலையை வெளியே நீட்டி, "அபே, அந்தா ஹை க்யா?" என்று கத்தினான்.

ஹிந்தியில் அந்தா என்றால் குருடன். அண்ணாச்சிக்கு அன்றைக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. ஒருத்தன் மெனக்கெட்டு 'அந்தா' என்கிறானே என்று அந்தப் பக்கம் பார்த்தார். உயரமாக ஏதோ கட்டடம் தெரிந்தது. சந்தோஷப்பட்டார். மறுநாள் ஃபட்ஃபட்டி என்கிற மோட்டார் ரிக்‌ஷாவை ஓட்டிவந்த ஒருவன் அந்தா என்றான். ஏதோ தோப்பு மாதிரி தெரிந்தது. அதற்கடுத்த நாள் ஒரு பஸ் டிரைவர் அந்தா என்றபோது திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், வாழைப்பழத் தள்ளுவண்டிக்குள் சைக்கிளை விட்டார். அப்போதும் டிரைவர் மேல் வருத்தமில்லை. ஊருக்கு இன்லண்டில் எழுதினார்: 'இங்குள்ள டிரைவர்கள் தங்கமானவர்கள். நான் புதுசு என்று தெரிந்துகொண்டு, வண்டியை நிறுத்தாமலே அந்தா, அந்தா என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுகிறார்கள்.'

இந்த நம்பிக்கையில் அவர் ஒரு மாதம் குடித்தனம் நடத்திவிட்டிருந்தார். நான் ஊரிலேயே இரண்டு ஹிந்திப் பரீட்சை எழுதியவன். கேரியரில் ஏறிய முதல் நாளே ஒரு லாரிக்காரன் எங்கள் காதருகே அந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்தியாலே, எவ்வளவு அக்கறையா காட்டுதான்!"

"அண்ணாச்சி, அவன் ஒண்ணையும் காட்டலை. நீங்க குருடனான்னு கேக்கறான்."

சைக்கிள் நின்றது.

"அப்போ ஒரு மாசமா?"

"ஒரு மாசமாவும் அதேதான் கேட்டிருப்பான்."

ஆபீஸில் நான் இதைச் சொல்லப்போக, அன்றைக்கே அவர் 'அந்தா அண்ணாச்சி' ஆகிவிட்டார். சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது சொன்னார்: "ஓரமா ஒழுங்கா போறவன் குருடன். குறுக்க வந்து விழுறவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமோ? பாத்திருவோம்லே, யாருக்குத் தெரியலைன்னு."

அந்த வாரமே அஜ்மல் கான் ரோட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பழைய பரிசோதனை அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். மேலே ஒரு பெரிய ஹிந்தி எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்துகள். அதைச் சுருட்டிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டார். ஆபீஸில் நடக்கும் ஹிந்தி வகுப்பிலும் பெயர் கொடுத்தார்.

தில்லியில் சைக்கிள்காரனுக்குக் கடவுள் கொடுத்த ஒரே வரம் சிவப்பு விளக்கு. எத்தனை வேகமாக வெட்டிக்கொண்டு போனவனும் அங்கே நமக்காகக் காத்திருப்பான். அண்ணாச்சி நிதானமாகப் போய்ச் சேர்வார். ஸ்டாண்டு போடுவார். அட்டையை எடுத்து என் கையில் கொடுத்துப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். பிறகு கார் ஜன்னலில் குனிந்து, "ஸ்ரீமான்ஜி, க்ருபயா இஸே படியே" என்பார். 'ஐயா, தயவுசெய்து இதைப் படியுங்கள்.' சர்க்கார் கடிதங்களில் கற்றுக்கொண்ட ஹிந்தி ஆதலால் அவருக்கு மரியாதைக் குறைவாகப் பேசவே வராது. நாலு தலைமுறையை இழுத்துத் திட்டத் தயாராக இருந்த டிரைவர்கள், ஸ்ரீமான்ஜி என்றதும் வாயடைத்துப் போய்ப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு தடவை ஸ்கூட்டர்க்காரர் ஒருவர், மனைவியைப் பின்னாலும் இரண்டு பிள்ளைகளை முன்னாலும் ஏற்றிக்கொண்டு எங்கள் மேல் மோதப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனார். விளக்கில் பிடித்தோம். நாலாவது வரியில் அவர் திணறினார். பின்னால் இருந்த அம்மாள் கடகடவென்று கடைசி வரி வரை படித்துவிட்டு, "அதனால்தான் போன மாதம் என் தங்கை கல்யாணத்துக்குப் போகாமல் வேறு யார் கல்யாணத்திலோ போய்ச் சாப்பிட்டோமா?" என்று ஹிந்தியில் பிடித்துக்கொண்டாள். விளக்கு இரண்டு தடவை பச்சையாகியும் அவள் முடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஸ்கூட்டர் எங்களை வழிமறித்தது. அவர் மூக்கில் புதுக் கண்ணாடி, கையில் ஒரு டப்பா லட்டு.

அதற்குப் பிறகு அண்ணாச்சியின் புகழ் பரவியது. அபராதம் போட வந்த டிராபிக் போலீஸ்காரர், தனக்கு இலாகா மெடிக்கல் பரிசோதனை வருகிறது என்று சொல்லிக் கூச்சத்தோடு அட்டைக்கு முன்னால் வந்து நின்றார். அண்ணாச்சி ஆபீஸில் நிமிர்ந்து நடந்தார். துணைச் செயலாளர் எதிரே வந்தாலும் வணக்கம் வைக்காமல் போவார். வளைந்து கொடுக்காத ஆள் என்று ஒரு பெயர். கவர்களில் விலாசம் சரிபார்க்கும்போது மூக்கு வரை கொண்டுபோவார். பசை வாசனை பிடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இப்படி இருக்கையில் ஒரு சர்தார்ஜி டாக்ஸியோடு வந்து சேர்ந்தார். அவரும் வெட்டினார், அவரும் கேட்டார், அவரையும் விளக்கில் பிடித்தோம். ஆனால் அவர் சாவகாசமாக இறங்கி, தாடியைத் தடவிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சக விலாசத்தையும் படித்தார். கூட்டம் சிரித்தது. சர்தார்ஜி என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, "அப் ஆப் படியே, பாபுஜி" என்றார். இப்போது நீங்கள் படியுங்கள்.

அண்ணாச்சி அசரவில்லை. வேட்டி கட்டிய காலத்து ஞாபகத்தில் பேண்ட்டை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில் தொடங்கிக் கடைசி வரி வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் அட்டையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கை தட்டியது. நானும் தட்டப்போனேன். அப்போதுதான் பார்த்தேன். சர்தார்ஜி கவனிக்காமல் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பெரிய எழுத்து அடியில் இருந்தது.

சர்தார்ஜியும் குனிந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துவிட்டது. அண்ணாச்சியைப் பார்த்து, "ஷாபாஷ், பாபுஜி" என்று மட்டும் சொன்னார். அட்டையைச் சுருட்டி என்னிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, உன் அண்ணனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடு என்றார். பச்சை விழுந்தது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, அவர் டாக்ஸியை நகர்த்தாமல் எங்களை முதலில் போக விட்டார்.

கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துவிட்டது. துணைச் செயலாளர், கவர் வாசனை, தோப்பு மாதிரி ஏதோ, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இரண்டு வருஷமாக இந்தச் சைக்கிளில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போயிருக்கிறேன்! ஊரில் எனக்குப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தூரத்துல இருக்கறது தெரியலை."

"எவன் சொன்னான்?"

"அட்டை தலைகீழா இருந்தது."

மணியை இரண்டு தரம் அடித்தார். "கிட்டத்துல எல்லாம் நல்லாத்தான்லே தெரியுது."

"கிட்டத்துல தெரியறச்சே பஸ் நம்ம மேல இருக்கும். நாளைக்கே கண்ணாடி போட்டுக்கோங்கோ."

"போட்டா என்னாவும்னு யோசிச்சியா? இத்தனை நாளா என்னை அந்தான்னு சொன்ன அத்தனை பயலும் ஜெயிச்சிருவான்லா?"

கேரியரை விட்டு இறங்கிவிடலாம் என்றால், அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. ஆகவே மறுநாளிலிருந்து பேப்பரை மூடிவிட்டு, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்தேன். "அதோ, டெம்போ" என்றேன். கேட்பதாயில்லை. அவருடைய உடம்பு ஒரே வார்த்தைக்குத்தான் கட்டுப்படும். "அந்தா, டெம்போ" என்றேன். உடனே ஒதுங்கினார். அந்தா பஸ், அந்தா கார்க் கதவைத் திறக்கிறான், அந்தா மாடு. தில்லி முழுக்கத் திட்டாக இருந்த வார்த்தை எங்கள் சைக்கிளில் மட்டும் மறுபடி தமிழாகிவிட்டது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு மாத லீவு. நான் இல்லாமல் யார் அந்தா சொல்வது? "கண்ணாடி போட்டுக்கோங்கோ, இல்லேன்னா பஸ்ல போங்கோ" என்று ரயில் ஏறும்வரை கெஞ்சினேன். "போயிட்டு வாலே. எனக்குத் தெரியாத ரோடா?" என்றார். கல்யாணத்தன்று எனக்கு ஆபீஸ் போகிற வழியில் இருக்கும் கோல் டாக்கானா ரவுண்டானாவின் ஞாபகம்தான். அருந்ததி பார்க்க வாசலுக்கு அழைத்துப்போனார்கள். சாஸ்திரிகள் வானத்தைக் காட்டச் சொன்னதும், நான் என் மனைவியிடம் விரலை நீட்டி, "அந்தா, டெம்போ" என்றேன். மாப்பிள்ளைக்குப் பட்டினி மயக்கம் என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள்.

புது தில்லி ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் ஜன்னலில் தலையை நீட்டித் தேடினேன். பிளாட்பாரத்தில் கூட்டத்துக்கு நடுவே அண்ணாச்சி முழுசாக நின்றுகொண்டிருந்தார். மூக்கில் தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"ஏலே, ஒன் மூக்கு கோணல்லா! இத்தன நாளா எவனும் சொல்லலியே!"

என் மனைவி சிரித்துவிட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நன்றாகப் பார்த்தார். "நல்லா இருக்கணும் தாயி. ஒன் முகத்தைப் பாத்து வாழ்த்தணும்னுதான் இதை மாட்டுனேன். குரலைக் கேட்டா வாழ்த்த முடியும்?"

"அப்போ இந்த ஒரு மாசம்?" என்றேன்.

"தள்ளிக்கிட்டுதான் போனேன். முதல் நாள் ஏறிப் பாத்தேன். பின்னால சத்தம் இல்லாம மிதிக்கக் கால் வரல."

கரோல் பாக்கிலிருந்து செக்ரடேரியட் வரை, போகவும் வரவும், ஒரு மாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். பெட்டியைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு கண்ணாடியோடு கிளம்பியவர் கோல் டாக்கானாவில் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டார். நாலு பக்கமும் லாரியும் பஸ்ஸும் டாக்ஸியும் சீறிக்கொண்டு போவதைச் சைக்கிளும் கையுமாக வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"ஏ யப்பா! இத்தன வண்டிக்கு நடுவுலயாலே நான் ஓட்டுனேன்?"

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று: அவர் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, நான் அந்தா சொல்வதை நிறுத்தக் கூடாது. "அதான் தெரியறதே அண்ணாச்சி?" என்றேன். "தெரிஞ்சா என்னலே? நீயும் சொல்லு" என்றார்.

அட்டையை அதற்குப் பிறகு அவர் அவிழ்க்கவில்லை. யாராவது, "அந்தா ஹை க்யா?" என்று கத்தினால், கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, "ஹை நஹீன், ஸ்ரீமான்ஜி. தா" என்பார். இப்போது இல்லை ஐயா, முன்பு குருடனாக இருந்தேன். டிரைவர்கள் அடுத்த விளக்கு வரை குழம்பிக்கொண்டு போவார்கள்.

கரோல் பாக்கிலேயே பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த எங்களுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கிருந்து ஆபீஸுக்கு நேர் பஸ் உண்டு. நான் ஆபீஸைத் தாண்டிக் கரோல் பாக் போய் இறங்கி, அண்ணாச்சியின் கேரியரில் ஏறி, வந்த வழியே ஆபீஸுக்குத் திரும்புவேன். "லோகத்துல யாராவது இப்படி ஆபீஸ் போவாளோ?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் ரிடையராகித் திருநெல்வேலிக்கு ரயில் ஏறும்வரை அப்படித்தான் போனேன்.

இப்போது தில்லியிலேயே மயூர் விஹாரில் இருக்கிறோம். பையன் கார் ஓட்டுகிறான். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் ஓரமாகப் போய்க்கொண்டிருக்க, இவன் அவரை வெட்டிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "அந்தா ஹை க்யா?" என்று கத்தினான். தில்லியில் பிறந்தவன், அவனுக்கு அது ஹிந்தி. நான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"க்யா ஹுவா அப்பா? அங்க யாரு?"

வண்டியை நிறுத்தி, சைக்கிள்காரரை முதலில் போக விடச் சொன்னேன். "யாரும் இல்லைடா. அண்ணாச்சி வராரோன்னு பாத்தேன்."