ஆட்சேபணைப் பதிவேடு

1996 சித்திரை மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்தே கால். நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டிய நேரம். கோயம்புத்தூரில் ஒரு மனிதர் விற்பனைக்கு வந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தொடாமலேயே வேண்டாம் என்று சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கலையின் அருமை தெரியாது. விலை கட்டுப்படியாகாவிட்டால் கட்டுப்படியாகவில்லை என்பார்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்பார்கள். அவர்கள் வளர்ப்பு அப்படி. இங்கே காப்பியைக் குடித்து முடித்து, எழுந்து நின்று, துண்டை உதறித் தோளில் போட்டு, “ஊடு அருமைங்க” என்பார்கள். பிறகு வீட்டுக்காரர் மனம் நோகாதபடி சின்னக் குறை ஒன்றைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அன்று வந்தவர் வெள்ளகோவில் எண்ணெய் வியாபாரி. “ஊடு அருமைங்க. ஹால் ஜன்னல் மட்டும் துளி சின்னதுங்க” என்றார். போனார்.

வீட்டுக்காரர் வரதராஜுலு மில் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருடம் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் விழுந்த எதையும் காகிதத்தில் ஏற்றாமல் விட்டதில்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அட்டையில் ‘ஆட்சேபணைப் பதிவேடு’ என்று எழுதினார். வரிசை எண் ஒன்று: ஜன்னல் அளவு போதாமை. நடவடிக்கை: உடன்.

அவசரம் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் மகளுக்கு இரட்டைக் குழந்தை. மனைவி ரங்கநாயகி மாசியிலேயே அங்கே போய்விட்டார். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு இருந்தது. அதன் சொந்தக்காரர் ஆனி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆடி பிறந்தால் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள்.

“ஆனிக்குள்ள வித்துப்போட்டு வாங்க. இல்லீனா நீங்க அங்க, நான் இங்க” என்றார் ரங்கநாயகி போனில். வரதராஜுலு இரண்டு மாதமாக மெஸ் சாம்பார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யூனுஸை வரச் சொன்னார். உக்கடத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஆள் வைத்துக் கட்டட வேலையும் எடுத்துச் செய்வார். யூனுஸ் ஜன்னலைப் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. எதுக்கு சார் இடிக்கறீங்க?”

“ஆட்சேபணை வந்திருக்குதுங்க பாய்.”

“சொன்னவரு திரும்பி வாராருங்களா?”

“ஜன்னல் பெருசானா வரோணுமில்லீங்க?”

ஜன்னல் பெரிதானது. வெள்ளகோவிலுக்குக் கடிதம் போனது: ‘தாங்கள் சுட்டிக்காட்டிய குறை நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. ரொம்பச் சந்தோஷம், சமையலறை மட்டும் அக்னி மூலையில் இருந்திருந்தால் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் வாஸ்து ஊருக்குள் வந்து இறங்கியிருந்தது. அதுவரை சமையலறையில் சோறு வெந்ததா என்று பார்த்தவர்கள், இப்போது அது எந்த மூலையில் வெந்தது என்று கேட்டார்கள். சமையலறை தென்கிழக்குக்குப் போனது. அங்கிருந்த குளியலறை பழைய சமையலறைக்கு வந்தது. சென்னிமலை பெட்ஷீட் வியாபாரி, ஹால் நடுவே ஓர் ‘ஆர்ச்’ இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். ஆர்ச் எழுந்தது. அடுத்து வந்த பேங்க் அதிகாரி ஆறடி இரண்டு அங்குலம். ஆர்ச் உயர்ந்தது. அவர் போகிற போக்கில் ‘பாத் டப்’ பற்றியும் சொல்லிவைத்தார். அதில் வரதராஜுலு வேட்டி ஊறவைத்தார்.

வைகாசிக் கடைசியில் புரோக்கர் பாலுசாமியால் பொறுக்க முடியவில்லை.

“ஏனுங்க சார், அவிங்க சொல்றது குறையே இல்லீங்க. போயிட்டு வாரேங்கறதைத்தான் அப்படிச் சொல்றாங்க.”

“ஜன்னல் சின்னதுன்னாரே?”

“வெலை பெருசுன்னு அர்த்தமுங்க.”

“அக்னி மூலை?”

“அதுவும் வெலைதானுங்க.”

“பாத் டப்பு?”

“அது நெசமாவே கிறுக்குங்க.”

வரதராஜுலு பதிவேட்டை மூடினார். “அப்ப வெலையைக் கொறைக்கோணுமா?”

“வேண்டாமுங்க. முழு வெலைக்கே ஒரு பார்ட்டி இருக்குது. உங்க ஊட்டுக்குள்ளதான் நிக்குது.”

யூனுஸ் கையிலிருந்த சிமெண்டைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஆமாங்க சார். நீங்க சொன்ன வெலைதானுங்க, பேச்சே இல்லை. எம் பொண்ணு ரம்ஷா இந்தத் தெருக்கோடி ஸ்கூல்லதான் படிக்கறா. ரெண்டு பஸ் மாறி வாரா. ஊடு இங்கன்னா நடந்தே போயிருவா.”

முழு விலை. ஆனிக்குள். வரதராஜுலு எழுந்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ரொம்பச் சந்தோஷமுங்க பாய். ஊடு அருமைதானுங்க. மழை பெஞ்சா மட்டும் மாடி துளி ஒழுகுமுங்க.”

மாடி பத்தொன்பது வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எந்தப் பார்ட்டியிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. பதிவேட்டில்கூட அது ஏறவில்லை. ஒரு மனிதரை உண்மை பேசவைக்கும் வல்லமை மரியாதைக்கு மட்டுமே உண்டு.

யூனுஸ் நாலே நாளில் மாடியில் புதுத் தளம் போட்டார். அந்த வீட்டுக்கு அந்த வருடம் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான். ஆனிச் சாரலில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

“கிணத்துத் தண்ணி சப்புன்னு இருக்குமுங்க பாய்.”

“சிறுவாணித் தண்ணி வருதில்லீங்க சார்.”

“பக்கத்துல லேத்துப் பட்டறை. பகலெல்லாம் சத்தமுங்க.”

“எங்க தெருவுல மரம் அறுக்கற மில்லுங்க. சத்தம் நின்னாத்தான் எங்கூட்டுல எந்திரிச்சு உக்காருவாங்க.”

வரதராஜுலு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். இரண்டு மாதம் பாடுபட்டு ஒவ்வொரு குறையாக ஒழித்துக்கட்டியவருக்கு அவசரத்துக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

அன்று ரங்கநாயகி போன் செய்தார். “இன்னும் பத்து நாளுதானுங்க இருக்குது. ஆளே வரலீங்களா?”

“வந்திருக்காங்க. நம்ம யூனுஸ் பாய்.”

“வெலை?”

“முழுசா.”

“அப்பறம் என்னங்க?”

“எனக்கு ஒண்ணுமில்லை. தெருவுல மத்தவங்க…”

“மத்தவங்க வந்து மெஸ் சாம்பாரைத் தின்னுவாங்களா?” போனை வைத்துவிட்டார்.

அந்தப் பேச்சிலிருந்து வரதராஜுலு தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை யூனுஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க பாய். தெருவுல மத்தவங்க ஒரு மாதிரி நெனச்சுக்குவாங்க. அவிங்களையும் ஒரு வார்த்தை கேக்கோணுமில்லீங்க?”

“சரிங்க சார்” என்று யூனுஸ் எழுந்து போனார்.

வரதராஜுலுவுக்கு நிம்மதி. குரல் உயரவில்லை. முகம் சுளிக்கவில்லை. யாரும் யாரையும் ஒரு தப்பு வார்த்தை சொல்லவில்லை. உலகத்தின் மற்ற ஊர்களில் இதே காரியத்துக்குக் கல்லும் கட்டையும் தேவைப்படுகின்றன. இங்கே ஒரு டம்ளர் காப்பி போதும்.

சாயங்காலம் யூனுஸ் திரும்பி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பதினாலு ஊட்டுலயும் கேட்டுப்போட்டேனுங்க சார். எல்லா ஊட்டுலயும் காப்பி குடுத்தாங்க. எல்லாரும் ஒண்ணேதானுங்க சொன்னாங்க. ‘எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க பாய், மத்தவங்கதான் என்ன நெனப்பாங்களோ’ன்னு.”

“அப்படிங்களா,” என்றார் வரதராஜுலு.

“ரொம்ப மரியாதைங்க சார் உங்க தெருவுல. அந்த மத்தவங்க எந்த ஊட்டுல குடியிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயி அவிங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்.”