சூட்டு அறைக்குத் தீ போடுகிறவன் குவைத்து மச்சானுக்கு எழுதியது

விஜயபுரம் மண்டலம்,
வைகாசி பிறந்து நாலாம் நாள், 2012.

அன்பும் அரை மூட்டைப் பாசமும் உள்ள மச்சான் முனிகிருஷ்ணனுக்கு, உன் அக்கா புருஷன் வெங்கடசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அக்கா லட்சுமம்மாவும், உன் பெண்சாதி பத்மினியும், உன் மகளும், இரண்டு எருமையும் கங்கம்மா புண்ணியத்தில் சுகம். பதிலுக்கு நீ சுகமா என்று கேட்பது முறை. ஆனால் மொட்டை மாடியில் தகரம் அடிக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தேன் என்று எழுதியிருக்கிற ஆளைச் சுகமா என்று கேட்டால் அது கிண்டலாகிவிடும். கிண்டலுக்கு வேறு சரக்கு என்னிடம் நிறைய இருப்பதால் இதை விட்டுவிடுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். போனை எடுத்ததும் உன் அக்கா "துன்னியாடா?" என்று ஆரம்பித்து அழுவாள், அந்தப் பக்கம் நீ அழுவாய், நான் வாயைத் திறப்பதற்குள் காசு தீர்ந்து போன் செத்துப்போகும். அதனால் லீவு முடிந்து குவைத்து திரும்புகிற தணிகாசலத்தின் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பாதிதான் வந்தால் தணிகாசலத்தின் மீசையை மோந்து பார்.

நீ கேட்டது ஒரே கேள்வி. ஆடியில் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, மூட்டை கட்டவா, நம்ம பக்கம் நிழலில் நின்று செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா மாமா, இந்தச் சூடு போதும் என்கிறாய். சொல்கிறேன். ஆனால் நான் இப்போது பார்க்கிற வேலை என்ன என்று முதலில் தெரிந்தால்தான் என் பதில் உனக்கு விளங்கும். சிரிக்காமல் படி. நான் திருப்பதியில் ஒரு யோகா பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்க்கிறேன்.

உடனே மாமன் வேட்டியோடு தலைகீழாக நிற்பதாக நினைத்துக்கொள்ளாதே, குடும்ப மானம் இன்னும் இருக்கிறது. என் வேலை சுவருக்கு வெளியே. உள்ளே அவர்கள் யோகா செய்வார்கள், வெளியே நின்று நான் அவர்களை வேகவைப்பேன். நிஜமாகத்தான். அறையைக் காயவைத்து, சன்னலை எல்லாம் சாத்தி, அந்த வேக்காட்டில் கையைக் காலை முறுக்குகிற யோகாவாம். ஹரிபாபு என்று ஒருத்தர், அமெரிக்காவில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அதைத் திருப்பதியில் தொடங்கியிருக்கிறார். அமெரிக்காவில் பனி கொட்டுகிறது, அவன் அறையைச் சூடு பண்ணுகிறான், நியாயம். திருப்பதியில் சித்திரை மாதம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில் அறையைச் சூடு பண்ண ஒரு மனுஷனுக்குத் தோன்றியதென்றால், படிப்பு என்பது லேசான விஷயம் இல்லை மச்சான்.

முதலில் அவர் சுவரெல்லாம் கரண்ட்டு அடுப்பு மாட்டியிருந்தாராம். நாலையும் ஒரேயடியாகப் போட்டதில் தெரு முழுக்க இருட்டாகி, எதிர்வீட்டில் கல்யாணப் பெண் பாதி முகத்தில் பவுடரோடு வெளியே வந்து நின்று இவரைத் திட்டினாளாம். மீதி நாளில் கரண்ட்டு போய்விடும், அறை ஆறிப்போகும். ஆறின அறைக்கு யார் பணம் கட்டுவார்கள்? அந்த நேரத்தில்தான் சித்தூர் பக்கத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்த வெல்லக் கொட்டாய்க்கு ரசாயனம் போடாத வெல்லம் வாங்க வந்தார். நான் கொப்பரைக்கு அடியில் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். மனுஷன் பையிலிருந்து சூடு அளக்கிற கருவி ஒன்றை எடுத்து நான் நிற்கிற இடத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோய் என் பேரைக் கேட்டார்.

"சரியா நாற்பத்தொண்ணு டிகிரி! எப்படி வெங்கடசாமி, மெஷின் எதுவும் இல்லாம ஒரே மாதிரி வேடி, அதான் சூடு, வைக்கிற?"

"முழங்கையை நீட்டுவேன் சார். முடி கருகினா ஒரு வாய் சக்கை கம்மி. கருகலன்னா ஒரு வாய் ஜாஸ்தி."

அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். ஒரு பழைய இரும்பு டிரம், அதில் தண்ணீர், அடியில் வேர்க்கடலைத் தோல் போட்டுத் தீ, ஆவி போக ஒரு குழாய், சுவரில் நான் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி ஓட்டை. "வேடி தக்குவ, வெங்கடசாமி! சூடு பத்தல!" என்று உள்ளிருந்து குரல் வந்தால் நான் ஒரு முறம் தோல் கொட்டுவேன். ஒருநாள் நெருப்பு அவிந்துவிட்டது. உள்ளே முப்பத்தெட்டு, வெளியே மாடியில் நாற்பத்துமூன்று. நான் நல்ல எண்ணத்தில், "எல்லாரையும் மாடிக்குக் கூட்டிக்கினு போயிடுங்க சார், இத்த விட நல்ல சூடு, இனாமா கெடைக்குது" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "இனாம் சூட்டுல பலன் இல்ல வெங்கடசாமி" என்றார். அன்று முதல் நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் சொன்னது சரிதான். செங்கல் சூளையில் நிற்கிறவனும், மே மாத வெயிலில் வேர்க்கடலை பிடுங்குகிறவளும் இத்தனை வருஷம் வேர்த்தும் ஒருத்தருக்கும் ஞானம் வரவில்லையே! வாசலில் பலகை வைத்திருக்கிறார்: உடம்பின் நஞ்சு இறங்கும், எடை குறையும், மனம் தெளியும் என்று. மூன்றும் நம் ஊரில் நடந்ததுதான். எடை குறைந்து குறைந்து நாற்று நடுகிற நம்ம ஊர்ச் செல்லியம்மா காற்றுக்குப் பறக்கிற மாதிரி இருக்கிறாள். ஆனால் அவள் குனிந்தால் அது நடவு. இவர்கள் குனிந்தால் ஆசனம்.

சரி, கதைக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. உன் அக்கா கூழ் குடம், வேப்பிலை, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு அம்மனைப் பார்க்க வந்தவள், வழியில் எனக்குச் சோறு கொடுக்க அடுப்படிக்கு வந்தாள். நான் துன்னுகிற நேரத்தில் சும்மா இருக்காமல் கண்ணாடி ஓட்டையில் கண்ணை வைத்தாள். உள்ளே பதினெட்டு பேர். முன்வரிசையில் சத்யபாமா அம்மாள், அறுபது வயது, பெரிய கோயில் குடும்பம், பிள்ளைகள் அமெரிக்காவில். இந்த அம்மாளுக்கு யோகாவில் ஆசையே கிடையாது. பிள்ளை அங்கிருந்தே ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டான், அவன் கட்டினது வீணாகக் கூடாதே என்று தினமும் வந்து அவியும். அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்று கையை மேலே தூக்கியிருந்த அம்மாளுக்கு முடி அவிழ்ந்து, கண் சொருகி, உடம்பு ஆடத் தொடங்கியிருக்கிறது.

"இன்னாய்யா இது, உள்ள ஒரு அம்மா மேல சாமி வந்துக்கீது, நீ குந்திக்கினு சோறு துன்னுக்கினு கீற!"

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. அது ஆசனம்டி."

"கண்ணு சொருவி, முடி அவுந்து, மேலெல்லாம் நடுங்குது, அது ஆசனமா? மூணாங்கிளாஸ் படிச்ச திமிரு உனுக்கு!"

நான் கையைக் கழுவுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். பதினெட்டு பேரின் பாயையும் மிதித்துக்கொண்டு போய் வேப்பிலையால் அந்த அம்மாளின் முகத்தில் நாலு வீசு வீசினாள்.

"யாரு தாயே நீ? எந்த எல்லைக்காரி? இன்னா வேணும், கேளு!"

"தண்... தண்ணி..."

"பாத்தியா, ஆத்தா தண்ணி கேக்குது!" என்று மஞ்சள் தண்ணீரைச் சொம்போடு தலையில் கவிழ்த்தாள். அந்த அம்மாள் "ஹா" என்று விட்ட மூச்சு இருக்கிறதே, என் அடுப்பே அணைந்திருக்கும். ஹரிபாபு குறுக்கே ஓடி வந்தார். உன் அக்கா அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் கேட்டதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"ஆத்தா, என் தம்பி ஒம்போது வருசமா குவைத்துல வெந்துக்கினு கீறான். ரெண்டு தபா மயங்கி வுழுந்துட்டான். இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டுமா, வந்துடட்டுமா? ஒரு வாக்கு குடு தாயே."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னது: "போதும்டீம்மா... இந்தச் சூடு போதும். யாராவது கதவைத் திறங்கோளேன்."

உன் அக்கா "வாக்கு குடுத்துட்டா!" என்று கத்திக்கொண்டு அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். இதைப் பார்த்து மீதிப் பேர் சிரிப்பார்கள் என்றுதானே நினைக்கிறாய்? இறுக்கமான கால்சட்டை போட்ட பாங்கு அதிகாரி ஒருத்தர் முதல் ஆளாகக் கைகூப்பி, "தல்லி, மா அப்பாயிக்கி வீசா ஒஸ்துந்தா?" என்று மகனுக்கு வீசா வருமா என்று கேட்டார். ஒரு டாக்டரம்மா மகள் மாப்பிள்ளைக்கு அமெரிக்கப் பச்சை அட்டை எப்போது என்று கேட்டார். கதவைத் திறந்து காற்று வந்ததில் தெளிந்துவிட்ட சத்யபாமா அம்மாள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வரும், வரும், எல்லாருக்கும் வரும். முதல்ல அந்த ஃபேனைப் போடுங்கோ" என்றது. சாமியைவிட நல்ல வாக்கு.

எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்து நான் முறத்தைக் கழுவி வைத்தேன். மறுநாள் புதிதாக எட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். இப்போது வகுப்பு முடிவில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் உண்டு என்று பலகையில் ஏறிவிட்டது. ஊற்றுகிற வேலை உன் அக்காவுக்கு. "குனிங்க சார், நல்லாக் குனிங்க" என்று அதிகாரிகளை அதட்டிக்கொண்டு ஊற்றுகிறாள். வீட்டுக்கு வந்து அதே குரலில் என்னை அதட்டுகிறாள்.

சிரித்துவிட்டாயா? இப்போது கொஞ்சம் நிறுத்து. அந்த அம்மாள் நாற்பது நிமிஷத்தில் சொன்ன வார்த்தையைத்தான் நீ ஒன்பது வருஷம் கழித்து எழுதியிருக்கிறாய். அது சொன்னதும் கதவைத் திறக்க மீதிப் பதினேழு பேரும் ஓடினார்கள். நீ தகரத்தின் மேல் விழுந்தபோது எத்தனை பேர் ஓடி வந்தார்கள் என்று உன் கடிதத்தில் இல்லை. உன் பாஸ்போர்ட்டு வேறு முதலாளி பெட்டிக்குள் இருக்கிறது. அவர்கள் வெந்தால் உடம்புக்கு நல்லது, நீ வெந்தால் அது உன் தலையெழுத்து, இது எந்த ஊர் யோகாவோ தெரியவில்லை.

ஆகையால் என் பதில்: கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. ஆனால் ஒன்று, திருப்பதி யோகாப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதே. சூட்டை விட்டு ஓடி வருகிறவனை இன்னொரு அடுப்பில் தள்ள நான் பாவி இல்லை. நானே இந்த மாதக் கடைசியில் இந்தப் பைத்தியக்கார வேலையை விட்டுவிடப் போகிறேன். இங்கே இரண்டு எருமை இருக்கிறது, ஏரிக்கரையில் புளியமரம் இருக்கிறது, எருமைக்கு உன்னை அடையாளம் தெரியாது, மற்றபடி குறை இல்லை.

பத்மினி உன் சட்டை இரண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள், அதை மட்டும் பார்த்தேன். உன் மகள் ஐந்தாவது போகிறாள். அங்குள்ள நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். தலையில் ஈரத்துண்டு போடாமல் மாடி ஏறாதே. கங்கம்மா உன் உச்சந்தலையில் நிழலாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
வெங்கடசாமி

பின்குறிப்பு: தணிகாசலம் ரெண்டு நாள் தாமதமாகப் புறப்படுவதால் கடிதத்தைப் பிரித்துக் கூட எழுதுகிறேன். உன் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், நீ ஐம்பது டிகிரி வெயிலில் ஒன்பது வருஷம் நின்றவன் என்று ஹரிபாபுவிடம் சொல்லிவிட்டாள். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். "வெங்கடசாமி, நான் ஏழு வருஷம் கத்துக்கினு வந்தது இதுல பாதி இல்ல. அவரு குரு!" என்றார். உன் கல்யாணப் போட்டோவில் பத்மினியை வெட்டிவிட்டு உன்னை மட்டும் பெரிதாக்கி, 'குவைத் புகழ் முனிகிருஷ்ணன்' என்று வாசலில் பலகை வைத்தாகிவிட்டது. வேலை ஒன்றும் இல்லை, சூட்டு அறையில் முன்னால் நின்றுகொண்டு "பொறுங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லணும். உன் மேஸ்திரி உனக்குச் சொல்வதுதான், நீ திருப்பிச் சொன்னால் போதும். உன்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். நான் வேலையை விடுவதாக மேலே எழுதியதையும் அடித்துவிடு. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அந்த மிச்சச் சூட்டில் தினமும் கால்மணி நேரம் பிணம் மாதிரி மல்லாந்து படுக்கிறேன், இருபது வருஷத்து இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இதை உன் அக்காவிடம் சொன்னால் உன் ஊறுகாய் இனிமேல் வராது.

சூடு அங்கேயும் சூடுதான், இங்கேயும் சூடுதான், உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இந்த அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது மச்சான். நேற்றுத்தான் எண்ணெய் விட்டேன். ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. வந்துவிடு.