சம்பந்தியம்மாவின் இடது கால்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயாவு அவர்களுக்கு,

சுங்கை புரோங்கிலிருந்து நாராயணசாமி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வேன் எங்கள் வாசலைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அது பொய்யாகிவிட்டதால் எழுதவில்லை. கெர்லிங்கில் உங்கள் நலத்தையும், குறிப்பாகச் சம்பந்தியம்மாவின் இடது காலின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கோபம் நியாயம்தான். கல்யாணத் தேதி குறிக்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தாயார் கால் வலிக்கிறது என்று சொல்லி, "கொஞ்சம் பிடிச்சி விடுங்க சம்பந்தியம்மா" என்று வாய்விட்டுக் கேட்டு, பெண்ணின் தாயார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முடியாது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? "நம்ம கால தொட அவங்களுக்குக் கூச்சமா இருக்குபோல" என்று உங்கள் அக்கா சொன்னதும், எல்லாரும் எழுந்துகொண்டதும், தேதி குறிக்காமலே வேன் கிளம்பியதும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. மகள் பிரேமலா அன்றைக்கு அறைக்குள் போனவள், சாப்பிட மட்டும்தான் வெளியே வருகிறாள்.

இதில் முதல் குற்றவாளி நான். என் வாய் சும்மா இருந்திருந்தால் சம்பந்தியம்மா கேட்டிருக்கவே மாட்டார். என் மனைவி நவமணியின் கையைப் பற்றி உங்களிடம் போனில் அளந்து தள்ளியவன் நான்தானே. ஆனால் ஒன்று, அளந்ததில் பொய் கிடையாது. அரிசி ஆலை லோரியை ஓட்டி ஓட்டி என் வலது தோள் பூட்டிக்கொண்டு, சட்டை மாட்டவே ஆள் தேட வேண்டியிருந்தது. நவமணி தஞ்சோங் காராங் மண்டபத்தில் நடந்த மசாஜ் வகுப்புக்குப் போய்வந்த பிறகுதான் என் கை மறுபடி மேலே போனது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மலாய்க்கார அம்மா சொல்லிக்கொடுத்தாராம். இவள் எண்ணெயை நேராக என் மேல் ஊற்றமாட்டாள். உள்ளங்கையில் விட்டுச் சூடு வரும்வரை தேய்த்துக்கொள்வாள். முதலில் நீளமாக, லேசாக, ஒரே சீராகத் தடவல். கை எப்போதும் நெஞ்சை நோக்கித்தான் போகும். சதை இளகிய பிறகு பிசைதல். பிறகு முடிச்சு விழுந்த இடத்தில் மட்டும் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டம். முதுகெலும்பின் மேல் விரலே வைக்கமாட்டாள், இரண்டு பக்கத்திலும்தான். நடுநடுவே "வலிக்குதா, இதமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இவ்வளவு அக்கறையாக அவள் வேறு எதையும் கேட்டதில்லை. கடைசியில் மறுபடி லேசான தடவல். அதற்குள் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். ராத்திரி தூக்கம் கூடியது, காலையில் எரிந்து விழுவது குறைந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டாவதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரிந்ததால் நானும் பக்கத்து வீட்டுக் குமரவேலின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். தட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது. கையைக் குவித்து மெத்தென்று தட்ட வேண்டும். நான் தட்டிய தட்டில் குமரவேல் போட்ட கூச்சலைக் கேட்டு வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. நவமணி ஓடி வந்து, "இது மனுசன் முதுகுங்க, ரொட்டி சானாய் அடிக்கிற மேசை இல்ல" என்று என்னை எழுப்பிவிட்டாள். அன்றோடு என் தொழில் முடிந்தது.

ஆனால் சம்பந்தி, அவள் கையைவிட எனக்கு ஆச்சரியம் அவள் கையை எடுக்கும் இடங்கள்தான். காய்ச்சல் என்றால் தொடமாட்டாள். புண், சொறி, புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடம், நரம்பு சுருண்டு புடைத்த கால், எதையும் தொடமாட்டாள். ஆட்டுக்கறி சாப்பிட்ட வயிற்றோடு வந்து படுத்த குமரவேலை எழுப்பி, செரித்த பிறகு வரச்சொல்லி அனுப்பினாள். இதைச் செய்தால் இனிப்பு நீர் வியாதி குறையுமா என்று அவர் கேட்டதற்கு, குறையாது, மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றாள். தெரிந்ததைச் செய்ய எல்லாராலும் முடியும். ஆசையாகக் கேட்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? எனக்கு வராது. அப்படி வராமல் போய்த்தான் ஊரெல்லாம் கடனுக்கு லோரி ஓட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பினாங்கு கோயிலுக்குப் பஸ்ஸில் போய் அத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் பிடித்துக்கொண்டது என்று சம்பந்தியம்மாவே சொன்னார். நவமணி குனிந்து பார்த்தாள். வலது கால் சாதாரணமாக இருக்கிறது, இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்திருக்கிறது. நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் இப்படி இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதை அழுத்தினால் கட்டி நகர்ந்து நெஞ்சுக்கே போய்விடலாம், கை வைக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது வகுப்பில் அந்த மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னது. அதைத்தான் இவள் அன்றைக்குச் சொன்னாள். உங்கள் காதில் அது சாக்காக விழுந்தது. கூச்சமாம், சம்பந்தி! யார் யாருடைய குதிகால் வெடிப்பையோ மடியில் வைத்துத் தேய்த்தவளுக்கா கூச்சம்?

சம்பந்தியம்மா கிளினிக்குக்குப் போக மறுக்கிறார் என்றும், நாளைக் காலையில் யாரோ ஒரு அம்மா வீட்டுக்கு வந்து காலை அழுத்திப் பிடித்துவிடப் போகிறார் என்றும் மாப்பிள்ளை திவாகரன் பிரேமலாவிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள், எங்களோடு பேசாமல் இருங்கள், உங்கள் அக்கா இன்னும் நாலு வார்த்தை சொல்லட்டும். ஆனால் அந்தக் காலை மட்டும் யாரும் அழுத்தவேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். குமரவேல் விடியற்காலையில் தஞ்சோங் மாலிமுக்கு லோரி கொண்டு போகிறார். வழியில் இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுப்பார். படித்ததும் சம்பந்தியம்மாவைக் காரில் ஏற்றிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரண்டு வீட்டுக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
நாராயணசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வணக்கத்தையும் ஆசியையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும்.

நான் இந்தப் பக்கம் வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நவமணி அந்தப் பக்கம் பிரேமலாவின் போனில் திவாகரனைக் கூப்பிட்டு, போனைச் சம்பந்தியம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "நீங்க கோவமாவே இருங்க சம்பந்தியம்மா. அந்தக் கோவத்தோடயே கிளினிக்குக்குப் போய்ட்டு வந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

சம்பந்தியம்மாவும் சாயங்காலமே கிளம்பிப் போனாராம். சற்று முன் நீங்களே கூப்பிட்டு, "ஸ்கேன் எடுத்துட்டாங்க சம்பந்தி, ரத்தக்கட்டெல்லாம் ஒன்னும் இல்லலா" என்றீர்கள். பஸ்ஸும் காரணம் இல்லை, மகன் கல்யாண விருந்தில் எல்லாரும் அசந்துபோக ஆட வேண்டும் என்று சம்பந்தியம்மா உங்களுக்கும் தெரியாமல் பழகியதில் கெண்டைக்கால் சதை கிழிந்திருக்கிறது என்றீர்கள். நான் ஒரே ஓட்டமாகப் போய், நீ சொன்னது தப்பு என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சொல்லும் சந்தோஷம் எனக்கு. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பா இருக்கணும்னுதான் ஞாயித்துக்கெழமைலருந்து சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். இதில் கிழிந்த சதையையும் புதிதில் அழுத்தக்கூடாது, யாரும் கை வைக்காமல் விட்டது நல்லது என்று டாக்டர் வேறு சொன்னாராமே. ஆக, என் சந்தோஷமும் போயிற்று.

கால் ஆறி ஆடத் தயாரானதும் தேதி குறிக்கலாம் என்று சம்பந்தியம்மா சொன்னது இங்கே எல்லாருக்கும் சம்மதம். பிரேமலா அறையைவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்குக் கால் பிடித்துவிடாததற்கு அபராதமாக நவமணியும் கூட ஆட வேண்டும் என்ற சம்பந்தியம்மாவின் நிபந்தனையையும் அவள் ஏற்றுக்கொண்டாள். இப்போதே கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். அதனால் கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டு வீட்டிலும் கால் வலி நிச்சயம். இங்கே இருக்கிற காலுக்கு நான் பொறுப்பு, அங்கே இருக்கிற காலுக்கு நீங்கள் பொறுப்பு. உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கி, லேசாக. நடுநடுவே இதமாக இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.